பிடரியில் ஒரு கீறல்

சூசைபுரம்
12-1-1973

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பி பிலவேந்திரனுக்கு அக்காள் பாக்கியமேரி எழுதிக்கொள்வது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் இசபெல்லாவும் சின்னவன் அல்போன்சும் சுகமாக இருக்கிறோம். உன் மாமாவும் இருக்கிறார். உன் இருமல் விட்டதா? பட்டறையில் அந்தக் கண்ணாடி நார் தூசி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள். பெங்களூர் குளிருக்குக் காதையும் சேர்த்துக் கட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு விஷயம். போன வருஷம் பெரிய வெள்ளி பாஸ்கா நாடகத்துக்கு நீ செய்து கொடுத்தாயே ரோமன் தொப்பி, அது உடைந்துவிட்டது. மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் ஒத்திகை ஆரம்பித்துவிட்டார்கள். மாமாதான் இந்த வருஷமும் நூற்றுவர் தலைவன். தினமும் ஒத்திகைக்குப் போட்டுப்போகிறாரே என்று நேற்று காலை தொப்பியைத் துடைக்க எடுத்தேன். பிடரிப் பக்கம் விளிம்பிலிருந்து மேலே நாலு விரல் நீளத்துக்குக் கீறல். உள்ளே விரலை வைத்து அழுத்தினால் வாய் பிளக்கிறது. லாரி ஏறினாலும் தாங்கும் என்று நீ மார் தட்டியது நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் லாரி எதுவும் ஏறவில்லை.

எப்படி உடைந்தது என்று அவரைக் கேட்டேன். "தெரியலயே" என்று சொல்லிவிட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். மல்லாக்க விழுந்தால்தானே பிடரியில் அடிபடும்?

இங்கே வழக்கம் உனக்குத் தெரியும். குருத்து ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு எல்லா வேஷச் சாமானையும் பீடத்தின் முன்னால் வைத்து சாமியார் மந்திரிப்பார். அதற்கு முன் உபதேசியார் சவுரியப்பன் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். போன வருஷம் நடந்ததற்குப் பிறகு இந்தக் கீறலைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று நான் எழுதவேண்டியதில்லை. வேஷம் அன்றைக்கே கைமாறும். அதனால் யாருக்கும் தெரியாமல் இதை எப்படி ஒட்டுவது என்று எழுது.

உன் அறை எத்தனை அடி? மூன்று பேர் வந்தால் படுக்க இடம் இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

செபத்தில் உன்னை மறக்காத
அக்காள் பாக்கியமேரி


அல்சூர், பெங்களூர்
18-1-1973

என் பிரியமான அக்காளுக்குத் தம்பி பிலவேந்திரனின் தோத்திரம்.

இருமல் விட்டுவிட்டது, சளி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. பிள்ளைகளுக்கு என் முத்தம். "மாமாவும் இருக்கிறார்" என்று எழுதியிருந்தாய். சுகமாக என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் மை தீர்ந்துவிடாது.

லாரி விஷயத்தில் என் வாய்க்கொழுப்பு, ஒப்புக்கொள்கிறேன். தொப்பி பயப்படுகிற அளவுக்குப் போகவில்லை. ஃபைபர் கிளாஸ் மண்பானை இல்லை, உடைந்தால் கை கால் ஒட்டுவதுபோல ஒட்டிவிடலாம். ஆனால் நீயாக எதையும் பூசிவைக்காதே. பசை, தார், சாணி ஒன்றும் கூடாது.

முதலில் அது எப்படி உடைந்தது என்று எனக்குத் தெரியவேண்டும். ஒரு மெல்லிய தாளைக் கீறலின் மேல் வெளிப்பக்கமாக வைத்து, அடுப்புக்கரியைப் படுக்கவைத்துத் தேய். பக்கத்தில் பொடிப்பொடியாக ஓடும் கோடுகளும் தாளில் விழும். அதை அப்படியே எனக்கு அனுப்பு. கீறலைப் பார்த்தால் எந்தப் பக்கத்திலிருந்து எப்படி அடி விழுந்தது என்று சொல்லிவிடலாம். பட்டறையில் உடைந்து வரும் தொட்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு இது கைரேகை ஜோசியம் மாதிரி ஆகிவிட்டது.

என் அறை பத்துக்கு எட்டு. நானும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் இருக்கிறோம். ஏன் கேட்டாய்?

தம்பி பிலவேந்திரன்


சூசைபுரம்
2-2-1973

சேசு மரி சூசை

தம்பிக்கு அக்காள் எழுதுவது.

பிள்ளைகள் நலம். அல்போன்சுக்கு மட்டும் மாந்தம் வந்து மூன்று நாள் அழுதான், ஓமத் தண்ணீரில் அடங்கிவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் படுக்காதே, மண்ணெண்ணெய் அடுப்பு நம்பக்கூடாத சாமான்.

உன் கடிதம் வருவதற்குள் நான் ஒரு வேலை செய்துவிட்டேன். திட்டாதே. பழைய பேப்பரை ஊறவைத்து வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, முறத்துக்கும் கூடைக்கும் பூசுவோமே, அதே பதத்தில் கீறலுக்குள்ளும் புறமும் பூசிக் காயவைத்தேன். மேலே மஞ்சள் பெயிண்ட் அடித்ததும் புதுசு மாதிரி இருந்தது. ஒத்திகையில் மாமாவுக்கு வேர்த்திருக்கிறது. பிலாத்துவின் முன்னால் நிற்கும்போது கூழ் கரைந்து அவர் கழுத்து வழியாக இறங்கியதாம். உபதேசியார் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, "என்ன இன்னாசி, தலையில வெந்தயக் களி கிண்டறியா" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள் என்று இசபெல்லா வந்து சொன்னாள். கீறல் அவர் கண்ணில் பட்டதோ என்னவோ.

வெளிப்பக்கத்துக் கூழைக் கழுவிவிட்டு நீ சொன்னபடி தேய்த்த கரித் தாள் இத்துடன் இருக்கிறது. இன்லேண்டுக்குள் எதையும் வைத்து அனுப்பக்கூடாது என்று தபால்காரர் சொன்னதால் கவர் வாங்கினேன்.

உன் மாமாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆள் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறார். முடி வெட்டிக்கொள்ள மருத்துவன் வீட்டுப் பக்கம் போய் மாசக்கணக்காகிறது. தலை காடு மாதிரி கிடக்கிறது, விளக்கெண்ணெயைத் தடவி வாரிப் பிடரியில் முடிந்துகொள்கிறார். ஒத்திகை முடிந்து மற்றவர்கள் வீடு வந்து சேர்ந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இவர் வருகிறார். கிட்டே வந்தால் வாயில் கிராம்பு வாசம். கிராம்பு எதற்கு மெல்லுவார்கள் என்று எனக்கா தெரியாது? சாராயக் கடை திறந்த வருஷம் முழுக்க அந்த வாசத்தோடுதானே குடும்பம் நடத்தினேன். பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டதோ என்னவோ. நான் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணுவார். நாலு தடவை பண்ணியாகிவிட்டது. பிள்ளைகளின் தலை என்ன சத்தியக் கல்லா?

அல்சூரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறதா? இசபெல்லா இப்போது ஐந்தாவது.

அக்காள் பாக்கியமேரி


அல்சூர்
9-2-1973

அன்புள்ள அக்காளுக்கு,

அல்போன்ஸ் தேறியிருப்பான் என்று நம்புகிறேன். வெந்தயக் கதையைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார். பிறகு கடைசி வரியைப் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா, நேராகவே கேட்கிறேன். உங்கள் வீட்டில் நாலு பேர். படுக்க இடம் கேட்டது மூன்று பேருக்கு. இப்போது பள்ளிக்கூடமும் கேட்கிறாய். மாமா மறுபடி குடிக்கிறார், குடித்துவிட்டு மல்லாக்க விழுந்து தொப்பியை உடைத்துவிட்டார், இனி இவரோடு முடியாது என்று நீ முடிவு கட்டிக்கொண்டிருக்கிறாய். சரிதானே? போன வருஷம் பெரிய வெள்ளியன்று அவர் போதையில் தடுமாறி, சிலுவையில் இருந்த செபாஸ்டின் விலாவில் ஈட்டியை நிஜமாகவே இடித்து, செத்துப்போன இயேசு "ஐயோ" என்று கத்தியதை நானும் கூட்டத்தில் நின்று பார்த்தேன். அன்று நீ அழுதாய். இன்னொரு தடவை குடித்தால் பிள்ளைகளோடு கிளம்பிவிடுவேன் என்று நீ அவரிடம் சொன்னதும் என் எதிரில்தான். அதனால் உன்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் உன் கரித் தாளை நான் மூன்று நாள் பார்த்தேன், எங்கள் மேஸ்திரியிடமும் காட்டினேன். வெளியிலிருந்து அடி விழுந்திருந்தால் அந்த இடத்தைச் சுற்றி வட்டவட்டமாகக் கோடு விழும், குளத்தில் கல் போட்ட மாதிரி. பெயிண்ட் சில்லு பேர்ந்திருக்கும். உன் தாளில் ஒரு வட்டம்கூட இல்லை. எல்லாக் கோடும் பக்கத்தில் பக்கத்தில், நேராக, உழவுசால் மாதிரி போகிறது. அப்படி விழுந்தால் அர்த்தம் ஒன்றுதான். யாரும் விழவில்லை, எதுவும் இடிக்கவில்லை. உள்ளே கொள்ளாத எதையோ வைத்துத் தினமும் அழுத்தி அழுத்தி மாட்டிக் கழற்றியதில் தொப்பி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து வெடித்திருக்கிறது. மேஸ்திரியும் சத்தியம் செய்யாமலே இதைச் சொன்னார்.

பாதித் தப்பு என்னுடையது. போன வருஷம் லாரி கிளம்புகிற அவசரத்தில் பிடரிப் பக்கம் இரண்டு படலம் நார் வைக்கவேண்டிய இடத்தில் ஒரு படலத்தோடு முடித்துவிட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஒட்ட வெட்டிய தலையில் நூல் வைத்து அளந்து செய்த தொப்பி அது. இப்போது தலையில் காடு இருக்கிறது என்கிறாய். அது என்ன கணக்கு என்று மாமாவிடமே கேட்டுவிடு. நீ கேட்கமாட்டாய், எனக்குத் தெரியும். நான் எழுதிக் கேட்கிறேன்.

தம்பி பிலவேந்திரன்


அல்சூர்
10-2-1973

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

சுகம். தாங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தக்காளி காய் பிடித்திருக்கிறதா?

தொப்பியை நான் சரிசெய்து தருகிறேன். அதற்குத் தங்களிடம் ஒன்று தெரியவேண்டும். அது தங்கள் தலைக்கு இறுக்கமாக இருக்கிறது, காரணம் தங்கள் முடி. முடியை வெட்டிக்கொள்ளப் போகிறீர்களா, அல்லது தொப்பியைப் பெரிதாக்கவேண்டுமா? ஏன் வெட்டவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அக்காளின் தம்பி என்ற முறையில் கேட்கிறேன்.

தங்கள்
பிலவேந்திரன்


சூசைபுரம்
26-2-73

மாப்பிள்ளை பிலவேந்திரனுக்கு இன்னாசி எழுதினது. நல்லா இருக்கறோம். நீ நல்லா இருக்கியா. எனக்கு மூணாங் கிளாசு எழுத்துதான், பேசற மாதிரியே எழுதறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோ. உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு. எழுதறதா வேண்டாமான்னே போயிருச்சு.

தொப்பிய பெருசாக்கிரு. முடிய வெட்ட முடியாது.

போன வருசம் அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் கோயில்ல யாரும் இல்லாதப்ப மாதாகிட்ட நேந்துகிட்டேன். அடுத்த ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன், முடியும் எடுக்கமாட்டேன், முடிச்சதும் வேளாங்கண்ணி வந்து மொட்ட போடறேன்னு. முடி எதுக்குன்னா, நாளைக்கு ஆசை வந்தா தலைய தொட்டுப் பாத்துக்கலாம், இத்தன நாள் ஆயிருக்குன்னு. ஒரு வருசமா ஒரு சொட்டு தொடலை மாப்ள. ஒத்திக முடிஞ்சா மத்தவங்க ரோட்டு வழியா போறாங்க, அங்கதான் கடை இருக்குது. நான் ஏரிக்கரைய சுத்தி வர்றேன். வாய் நமநமங்கறப்ப ரெண்டு கிராம்பு போட்டுக்குவேன்.

உங்க அக்காகிட்ட சொல்லாத. சொல்லிச் சொல்லித்தான் நாலு தடவ ஒடச்சேன். அவ நம்பமாட்டா, நம்பாததும் ஞாயந்தான். முடிச்சிட்டு சொல்லிக்கறேன். தொப்பி ஒடஞ்சது எப்படின்னு கேட்டா. முடி முடிஞ்சு போட்டதுலதான்னு சொன்னா, முடி எதுக்குன்னு கேப்பா. அதனால தெரியலன்னுட்டேன்.

இந்த லெட்டர கிழிச்சிரு.

இன்னாசி


அல்சூர்
4-3-1973

அன்புள்ள அக்காளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இவ்வளவு நன்றாக இருந்து நாளாயிற்று.

நீ கேட்ட கேள்விகளுக்குப் பதில். அல்சூரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆனால் இசபெல்லா அதில் படிக்கவேண்டாம். என் அறையில் இடம் இல்லை. மூன்று பேருக்கு நிச்சயமாக இல்லை. நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே திருப்பி ஏற்றிவிடுவேன்.

இப்போது தொப்பி. மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி ஏற்றி வருகிற லாரி டிரைவர் சென்றாயன் திரும்பும்போது ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவருவார். பால் டப்பாவில் இருப்பது ரெசின், நாரை ஒட்டுகிற பசை, தேன் மாதிரி இருக்கும். மருந்து சீசாவில் இருப்பது அதை இறுகவைக்கிற ஹார்டனர். கண்ணில் பட்டால் கண் போய்விடும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை, அடுப்புப் பக்கமும் வேண்டாம். பேப்பரில் சுற்றியிருப்பது கண்ணாடி நார்.

வெந்தயத்தையெல்லாம் சுரண்டி எடு. உள்ளே விளக்கெண்ணெய் ஊறியிருக்கும், சீயக்காய் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவை. எண்ணெய் இருந்தால் ஒட்டாது. அப்புறம் ரம்பத் தகட்டை எடுத்துக் கீறலையே உச்சி வரைக்கும் அறுத்துவிடு. பயப்படாதே. கீறலை மூடினால் மறுபடி அதே இடத்தில் வெடிக்கும். அறுத்து விரித்து, நடுவில் புதுசாக ஒரு பட்டை சேர்க்கவேண்டும்.

எவ்வளவு அகலம் என்பதற்கு மாமாவின் தலையை நூலால் அள. முடியோடு சேர்த்து அள. முடியை வெட்டிக்கொள்ளச் சொல்லாதே. இது உன் தம்பி உன்னிடம் முதல்முறையாகப் போடும் உத்தரவு.

அளவுக்குச் சரியான மண்கலயம் ஒன்றைக் கவிழ்த்து, மெழுகு தேய்த்து, அதன்மேல் தொப்பியை விரித்துக் கட்டு. ஒரு கொட்டாங்கச்சி ரெசினுக்கு ஹார்டனர் முப்பது சொட்டு. கலக்கிக் கால் மணி நேரத்துக்குள் நாரை வைத்துத் தூரிகையால் குத்திக் குத்தி நனைத்துவிடு. இரண்டு படலம் வை. நான் ஒன்றோடு விட்டதால்தான் இவ்வளவும்.

தம்பி பிலவேந்திரன்


(கார்டு)
சூசைபுரம்
13-3-1973

தம்பிக்கு,

பெட்டி வந்தது. பிள்ளைகள் சுகம். இடம் இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பி ஏற்றுவேன் என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. உன்னைத் தூக்கி வளர்த்த இடுப்பு இன்னும் வலிக்கிறது. நான் யாரிடமும் இடம் கேட்கவில்லை.

பாக்கியமேரி


(கார்டு)
அல்சூர்
19-3-1973

அக்காளுக்கு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன். மந்திரிக்கிற நாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை. தலையை அளந்தாயா?

பிலவேந்திரன்


சூசைபுரம்
9-4-1973

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பிக்கு அக்காள் எழுதிக்கொள்வது.

எல்லோரும் சுகமாக இருக்கிறோம். மாமாவும் சுகமாக இருக்கிறார். நீயும் அப்படியே இருக்க ஆண்டவர் அருள்புரியட்டும்.

கோபத்தில் பெட்டியைப் பத்து நாள் தொடவே இல்லை. உன் கார்டு வந்த அன்று, ஆனது ஆகட்டும் என்று நூல்கண்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் களத்தில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தார். "தம்பி தலைய அளக்கச் சொன்னான்" என்றேன். துண்டை எடுத்துவிட்டுக் குனிந்தார்.

ஒரு வருஷமாக நான் அந்தத் தலையைத் தொடவில்லை பிலவேந்திரா. நூலை இரண்டு தடவை சுற்றி அளந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கிட்டே குனிந்ததால் மோந்தும் பார்த்துவிட்டேன், மறைப்பானேன். விளக்கெண்ணெய், வேர்வை, கிராம்பு. கிராம்புக்குப் பின்னால் வேறு ஒன்று இருக்கும் என்று தேடினேன். இல்லை. "எதுக்கு இந்த முடிய வெச்சிட்டு இருக்கீங்க" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "ஈஸ்டர் போகட்டும் மேரி" என்றார். அவ்வளவுதான். அவர் என்னை மேரி என்று கூப்பிட்டும் ரொம்ப நாளாகிவிட்டது.

அன்று சாயங்காலம் ஒத்திகை முடிந்து அவரோடு வந்த இசபெல்லா கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். ஏன் என்றேன். "அப்பா எப்பவும் ஏரிக்கரையச் சுத்தித்தான் வருவாராம், ரோட்டுல வரமாட்டாராம்" என்றாள். ரோட்டில் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியும். நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். துடுப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன், களி அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு நாலு பேரும் தீய்ந்த களிதான் தின்றோம், யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். ரம்பத் தகட்டைக் கீறலில் வைத்தேன். இருக்கிற கீறலை மூடச் சொன்னால் உச்சி வரைக்கும் அறுக்கச் சொல்கிறானே, இவன் தம்பியா சத்துருவா என்று திட்டிக்கொண்டே அறுத்தேன். விரித்துப் பார்த்தால் மூன்று விரல் இடைவெளி. உபதேசியாரிடம் மெழுகுவர்த்தித் துண்டுகள் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். கீறலை அவர் தை மாசமே பார்த்திருக்கவேண்டும். வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார் மனுஷன்.

முதல் கொட்டாங்கச்சி வீணாகிவிட்டது. முப்பது சொட்டு என்று எழுதியிருந்தாய், சாமிக்கு ஒன்று என்று சொல்லிச் சொல்லி நாற்பதாகிவிட்டது போலிருக்கிறது. கையைச் சுட்டது, புகைந்தது, நார் எடுத்துவருவதற்குள் கொட்டாங்கச்சியோடு கல்லாகிவிட்டது. அல்போன்ஸ் அதைத்தான் இப்போது தேராக இழுத்துக்கொண்டு திரிகிறான். இரண்டாம் தடவை எண்ணிப் போட்டேன். பணியாரக் குழியில் எண்ணெய் தொட்டு வைக்கிற மாதிரி குத்திக் குத்தி நனைத்தேன். இரண்டு படலம் வைத்தேன், மேலே ஒன்று எனக்காகவும் வைத்தேன். கலயத்தில் ஒரு இடத்தில் மெழுகு விட்டுப்போய் ஒட்டிக்கொண்டது. கலயத்தை உடைத்துத்தான் தொப்பியை எடுத்தேன். போனால் போகட்டும்.

நேற்று மந்திரித்தார்கள். உபதேசியார் தொப்பியைத் திருப்பிப் பார்த்தார், புதுப் பட்டையை விரலால் தட்டினார். "கெட்டியாத்தான் இருக்குது" என்று சொல்லிப் பீடத்தில் வைத்தார். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது.

மாமா உனக்கு ஏதாவது எழுதினாரா? எழுதியிருந்தால் எனக்குச் சொல்லாதே. ஈஸ்டர் போகட்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

உன்னைத் திட்டியதை மனசில் வைக்காத தம்பிக்கு,
அக்காள் பாக்கியமேரி


சூசைபுரம்
1-5-1973

சேசு மரி சூசை

என் கண்ணான தம்பிக்கு அக்காளின் ஆசீர்வாதம். நாங்கள் நாலு பேரும் சுகம், சுகம், சுகம்.

பெரிய வெள்ளிக்கு நீ லீவு கிடைக்காமல் வராதது உன் பாவம். வெயில் தாழ்ந்ததும் நாடகம் ஆரம்பித்தது. செபாஸ்டின் போன வருஷத்து நினைவில் விலாவில் கோணிச் சாக்கை மடித்துக் கட்டிக்கொண்டு சிலுவையில் ஏறினார், இயேசுவுக்கு ஒரு பக்கம் மட்டும் தொந்தி போட்ட மாதிரி இருந்தது. மாமா ஈட்டியோடு வந்ததும் பெண்கள் பக்கம் ஒரே கிசுகிசு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் நேராக நடந்துபோனார். ஈட்டியைத் தூக்கினார், சாக்கின் மேல் ஈ உட்கார்ந்த மாதிரி தொட்டு எடுத்தார். பிறகு மண்டியிட்டுத் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, "மெய்யாகவே இவர் கடவுளின் மகன்" என்ற அந்த ஒரு வசனத்தைச் சொன்னார். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. பாதி வசனம்தான் வெளியே வந்தது. அதற்கே கூட்டம் அழுதுவிட்டது.

ஈஸ்டர் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், "துணிய எடுத்து வை, நாலு பேரும் வேளாங்கண்ணி போறோம்" என்றார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார், உனக்கு எழுதியதையும் சொன்னார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் கோபமும் வந்தது. ஒரு வருஷம், பிலவேந்திரா. நீங்கள் இதைச் சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேனே என்று கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும். அந்தப் பொட்டிய நான் தெனமும் பாத்துட்டுத்தான் வயலுக்குப் போவேன்" என்றார்.

மாதா கோயிலில் மொட்டை போட்டார். தலை பலாக்கொட்டை மாதிரி வெளுத்துப்போய் இருக்கிறது, அல்போன்ஸ் அப்பாவை அடையாளம் தெரியாமல் அழுதான். அங்கே பீடத்தின் முன்னாலேயே அடுத்த வருஷத்துக்கும் நேர்ந்துகொண்டார். இந்தத் தடவை சத்தமாக, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிள்ளைகளின் தலையைத் தொடவில்லை.

ஊருக்கு வந்து தொப்பியை மாட்டிப் பார்த்தால் மூக்கு வரைக்கும் இறங்குகிறது. பட்டையை அறுத்துப் பழையபடி சின்னதாக்கிவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும். வளந்துரும்" என்றார். அதனால் அப்படியே ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன்.

மார்கழி மாசம் மூன்று பேருக்குப் படுக்க இடம் கேட்டேன், இல்லை என்றாய். அது எதற்கு என்று இப்போது தெரிகிறது, உன் வாய்க்கு என் ஆயுசையும் சேர்த்து ஆண்டவர் கொடுக்கட்டும். பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று, தக்காளியும் ஓய்ந்துவிட்டது. உன் மாமா இதுவரை பெங்களூரைப் பார்த்ததில்லை. இப்போது நாலு பேருக்குக் கேட்கிறேன். இடம் இல்லை என்று எழுதித்தான் பாரேன்.

வெள்ளிக்கிழமை சென்றாயன் லாரியில் புறப்படுகிறோம்.

உன் அக்காள்
பாக்கியமேரி